இரண்டு சத்து மாத்திரைகள்

எங்கள் மையத்தின் வரைபடத்தில் கோடு சரசரவென்று கீழே இறங்கிய வருடம், எனக்கு ஒரு சால்வையும் சான்றிதழும் கிடைத்தன. சால்வையைப் போர்த்தும்போது இணை இயக்குநர் என் காதருகே குனிந்து, "எப்படிய்யா சாதிச்சே?" என்று கேட்டார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

என் பெயர் சென்னியப்பன். பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர் எங்களுடையது. அங்கே அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில் பதினெட்டு வருடம் ஆலோசகராக இருந்தேன். பெயர்ப் பலகையைப் பார்த்து யோகாசனம் கற்றுக்கொள்ள வந்தவர்களும் உண்டு. உண்மையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் இடம் அது. அப்படியே எழுதி மாட்டினால் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காது என்பதால் அந்த அழகான பெயர்.

எங்கள் பதிவேட்டில் பெயர் எழுத மாட்டோம். எண் மட்டும்தான். பெயர் எழுதாததில் எங்களுக்கு ஒரு பெருமையே உண்டு. ஆனால் ஆள் திரும்ப வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று, நான் சட்டைப் பையில் ஒரு சிறு டைரி வைத்திருந்தேன். எண்ணுக்கு எதிரே ஒரு குறிப்பு. 'சிவப்பு ஹெல்மெட்.' 'திக்குவாய்.' 'இடது கையில் அரை விரல் இல்லை.' இவ்வளவுதான்.

இந்த வேலையில் பெரிய தலைவலி, மனைவிமார்தான். ஆணுக்கு வெட்டை நோய் வந்தால் மூன்றாம் நாளே எரிச்சல் தாங்காமல் ஓடி வந்துவிடுவான். பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது. உடம்பில் கிருமியோடு சமைத்துக்கொண்டும் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டும் இருப்பாள். அதனால் மனைவியையும் கூட்டி வரச் சொல்வோம். "கூட்டிட்டு வந்தா குடும்பமே செதஞ்சு போயிருமுங்க சார்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார்கள். போனவர்கள் திரும்ப வரவே மாட்டார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெட்டை நோய்க்கு எங்களிடம் சாம்பல் நிறக் கவர். உள்ளே இரண்டு மாத்திரைகள், இரண்டையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும். கணவனிடம் இரண்டு கவர் கொடுப்பேன். "ஒன்னு உனக்கு. இன்னொன்னு வீட்டுக்கு. கவரைக் கிழிச்சுப் போட்டுட்டு மாத்திரையை மட்டும் குடு. சத்து மாத்திரைன்னு சொல்லு" என்பேன். அவன் முகத்தில் அப்போது வரும் வெளிச்சம் இருக்கிறதே, சாமி வந்து வரம் கொடுத்தது போலப் பார்ப்பான். நானும் அதை இரக்கம் என்றே நம்பினேன். மாதாந்திர அறிக்கையில் 'துணைவருக்குச் சிகிச்சை' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று டிக் அடிப்பேன். மாவட்டத்திலேயே என் கட்டங்கள்தான் நிறைந்திருந்தன. பதினோரு வருடத்தில் அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு கணவர்கள்.

அதன் பிறகுதான் எங்களுக்கு 'மரம்' வந்தது.

அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. நாங்கள் மரம் என்றே சொன்னோம். குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு இயந்திரம். ஆடி மாதம் வந்து இறங்கியது. எங்கள் மருத்துவர் ஹசீனா பேகம் முதல் நாளே என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"கிருமிக்கும் வம்சம் இருக்குங்க சென்னியப்பன். ஒரு உடம்புல இருந்து இன்னொரு உடம்புக்குப் போகுறப்ப கொஞ்சம் கொஞ்சமா மாறும். அந்த மாற்றத்தை இது படிச்சிரும். யார்கிட்ட இருந்து யாருக்கு வந்ததுன்னு அம்புக்குறி போட்டுக் காட்டிரும்."

"தப்பே பண்ணாதுங்களா மேடம்?"

"குடுத்த சாம்பிளை வெச்சுத் தப்பில்லாமச் சொல்லும். குடுக்காத சாம்பிளைப் பத்தி அதுக்கு எதுவும் தெரியாது."

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் அன்றைக்குக் காதில் வாங்கவே இல்லை.

மரத்தோடு ஒரு புதிய சட்டமும் வந்தது. நோய் கண்ட இருவர் கணவன் மனைவியாக இருந்தால், அம்புக்குறிப் படத்தை இருவருக்கும் கொடுத்தாக வேண்டும். மறைப்பதால்தான் நோய் பரவுகிறது என்று படித்தவர்கள் பேசி நிறைவேற்றிய சட்டம். குடும்ப நீதிமன்றத்திலும் அந்தப் படம் சாட்சியாகச் செல்லும். இது தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுப்பதையே விட்டுவிட்டார்கள். வரைபடத்தில் கோடு இறங்கியது. நோய் குறைந்துவிட்டது என்று சால்வை வந்தது.

சால்வை வந்து ஒரு மாதத்தில் பூபதி வந்தான்.

நிட்டிங் மெஷின் ஃபிட்டர். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மரம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, பங்குனியில், இதே நோயோடு வந்தவன். அப்போது இரண்டு கவர் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே சூரத்துக்கு வேலைக்குப் போனான். பத்து மாதம் கழித்து இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். திரும்பிப் பத்தே நாளில் எரிச்சல்.

"சாமி சத்தியமாச் சொல்றேனுங்க சார். போன தடவ நான் செஞ்சது தப்புத்தான். அந்தப் பயத்துலயே சூரத்துல ரூம் உண்டு, கம்பெனி உண்டுன்னு கெடந்தேனுங்க. எனக்கு எப்படி வரும்? நானில்லாத நேரத்துல எவனோ எம் வீட்டுக்கு வந்து போயிருக்கான்."

அவன் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

மனைவியை அழைத்தோம். கோகிலவாணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எதற்காக வந்திருக்கிறோம் என்றே தெரியாமல், மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். இருவரிடமும் சாம்பிள் எடுத்தோம். இருவருக்கும் வெட்டை நோய். மூன்றாம் நாள் மரம் படம் போட்டது. அவள் எண்ணிலிருந்து கிளம்பிய அம்பு அவன் எண்ணில் போய் முடிந்தது.

ஹசீனா மேடம் திரையை உற்றுப் பார்த்தார். "அந்தம்மா உடம்புல இது ரொம்ப நாளா இருக்குங்க. ஒரு வருஷம்கூட இருக்கலாம். இன்னொரு விஷயம், நம்ம ரெண்டு மாத்திரையில ஒன்னுக்கு இது மசியவே மாட்டேங்குது. எங்கயோ அரைகுறையா மருந்து பாத்திருக்கு."

"அப்படிங்களா" என்றேன். அவன் வாங்கிப் போன இரண்டு கவரைப் பற்றிச் சொல்லவில்லை.

பூபதி படத்தோடு நேராக வக்கீலிடம் போனான். விவாகரத்து கேட்டான், மகளையும் கேட்டான். மகிழினி ஒரே பெண், ப்ளஸ் ஒன் படித்தாள். நடத்தை கெட்ட தாயிடம் வயசுப் பெண் வளரக் கூடாது என்று மனுவில் எழுதியிருந்தார்கள்.

விசாரணைக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கோகிலவாணி தனியாக என் அறைக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கோணுமுங்க சார். இந்த மிசினு பொய் சொல்லுமுங்களா?"

"பொய் சொல்லாதும்மா."

"அப்ப நாந்தான் பொய் சொல்றனுங்களா? எனக்குப் பைத்தியமான்னு நானே ரோசனை பண்ணிப் பாத்துட்டேன் சார். தூக்கத்துல எந்திரிச்சு எங்கியாச்சும் போயிட்டு வந்தனா? கம்பெனி, வீடு, ரேஷன் கடை, இதத் தவுத்து நான் போன எடமில்லீங்க. அவரு வெளியூருல இருந்த பத்து மாசமும் எம்பொண்ணு பக்கத்துலதான் படுத்தேன். அவளே இப்ப மொகம் கொடுத்துப் பேச மாட்டீங்கறா."

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. மேஜை மேலிருந்த பேனாவைத் திருகியபடி கேட்டேன். "போன வருஷம் உங்க வீட்டுக்காரர் ஏதாவது மாத்திரை குடுத்தாரா?"

"மாத்திரைங்களா?" யோசித்தாள். முகம் லேசாக மலர்ந்தது. "ஆமாங்க. சத்து மாத்திரைன்னு ரெண்டு வாங்கியாந்து குடுத்தாரு. கல்யாணமான நாளா எனக்குன்னு அவரா ஒன்ன வாங்கியாந்தது அதுதானுங்க. அதனால நல்லா நெனப்பிருக்கு."

"ரெண்டையும் போட்டீங்களா?"

"ஒன்னு போட்டேனுங்க. பாப்பாவுக்கு அப்பப் பத்தாவது பரிச்சை. படிச்சுப் படிச்சு எளச்சுத் துரும்பாப் போயிருந்தா. சத்து மாத்திரைதானேன்னு இன்னொன்ன அவளுக்குக் குடுத்துட்டேன். ஏனுங்க சார்?"

பரீட்சை எழுதும் மகள் வீட்டில் இருக்கும்போது, எந்தத் தாய் இரண்டு சத்து மாத்திரைகளையும் தானே விழுங்குவாள்? கறிக்குழம்பில் நல்ல துண்டைப் பிள்ளைக்கு ஒதுக்கி வைக்கிற வீடுகள் எங்கள் ஊர் வீடுகள். நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான். பதினோரு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது என் புத்திக்கு எட்டவில்லை.

"சும்மாத்தான் கேட்டேன்" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைக் கும்பிட்டுவிட்டு.

அந்த மூன்று வாரமும் நான் கோழையாகத்தான் இருந்தேன், அதை மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. சொன்னால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் அவளுக்கு மருந்து கொடுத்ததற்கு வழக்கே வரும். சட்டப்படி பூபதியின் பழைய எண்ணை நான் யாரிடமும் சொல்லவும் கூடாது. இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன். என் மனைவி பிரபாவதி பள்ளி ஆசிரியை, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "ஆபீஸ்ல என்ன பிரச்சனை?" என்று கேட்டாள். "ஒன்னுமில்ல, ஆடிட்டு" என்றேன்.

விசாரணை நாளில் என்னிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். இந்த இரண்டு சாம்பிளும் இந்த இருவருடையதா? ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். ஆனால் எனக்கு முன்னால் மகிழினியைக் கூப்பிட்டார்கள். பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். நீதிபதி ஒரு பெண்மணி, மென்மையாகத்தான் கேட்டார். "நீ யார்கூட இருக்க விரும்புறம்மா?"

"அப்பாகூட."

"அம்மா மேல என்ன கோபம்?"

"கோபம் இல்லீங்க மேடம். நான் பயாலஜி குரூப். அந்தப் படத்தை எனக்குப் படிக்கத் தெரியும். அம்மா அழுதுட்டே இல்லைன்னு சொல்றாங்க. படத்துக்கு அழவும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது." அவள் அம்மா இருந்த பக்கமே திரும்பவில்லை. "எனக்கு அம்மான்னா உசுரு. அதனாலதான் அங்க இருக்க முடியல."

கோகிலவாணி அழவில்லை. மகள் இவ்வளவு நன்றாகப் பேசுகிறாளே என்று பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். வக்கீல் கேட்டார். "ஆமாங்க, அவங்களோடதுதான்" என்றேன். "ஆனா மூணாவதா ஒரு சாம்பிள் இருக்குங்க."

பூபதி விருட்டென்று எழுந்தான். நான் நிறுத்தவில்லை. போன பங்குனி, அரை விரல், இரண்டு கவர், சத்து மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னேன். மரம் வருவதற்கு முன்பு சாம்பிள் தடவி வைத்த கண்ணாடித் துண்டுகள் ஆய்வகத்தில் மரப்பெட்டியில் இருக்கின்றன, பூபதியின் அன்றைய எண்ணில் ஒன்று இருக்கும், இயந்திரம் அதையும் படிக்கும் என்றேன். "அந்த மாத்திரைக்குப் பொய்ப் பேர் வெச்சது அவர் இல்லீங்க. நான்தான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாதிரி எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

எண்ணிக்கையைச் சொன்னேன்.

கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்து, படித்து முடிக்கப் பன்னிரண்டு நாளாயிற்று. அதற்குள் என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருந்தார்கள். புதிய படத்தில் பூபதியின் பழைய எண்ணிலிருந்து கோகிலவாணிக்கு ஓர் அம்பு, அவளிடமிருந்து மறுபடி பூபதிக்கு ஓர் அம்பு. இடையில் வேறு யாரும் இல்லை. வழக்குத் தள்ளுபடியானது. மகிழினி நீதிமன்ற வராந்தாவிலேயே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள்.

நான் ஓரமாக நின்றிருந்தேன். கோகிலவாணி மகளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, நான் ரெண்டையும் முழுங்கியிருந்தா சரியாப் போயிருக்குமுங்களா?"

"போயிருக்கும்."

"பொண்ணுக்குக் குடுத்ததுதான் எம்மேல தப்பு."

"ஐயோ, இல்லம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னோடது. என்னோடது மட்டும்தான்."

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் உண்மையைச் சொல்லியும் அவள் தலையில் ஒரு புதுப் பாரத்தைத்தான் ஏற்றியிருந்தேன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னய மாதிரி இன்னும் முந்நூறு பேரு இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல. அவிய எங்கிருக்காங்க? பேரு, ஊரு எழுதிக் குடுங்க. நான் போயிச் சொல்றேன்."

நான் டைரியை எடுத்து நீட்டினேன். அவள் புரட்டினாள். சிவப்பு ஹெல்மெட். திக்குவாய். காது கடுக்கன். பக்கம் பக்கமாக ஆண்கள்.

"இதுல பொம்பளைங்க யாரு?"

"யாரும் இல்லம்மா. நான் அவங்க யாரையும் பாத்ததே இல்ல."

முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். ஒருத்தியின் முகமும் எனக்குத் தெரியாது. அவள் டைரியை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளே ஆரம்பித்துவிட்டாள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, வருகிற பெண்களிடமெல்லாம் ஒரே கேள்வி. "அக்கா, உங்க வீட்டுக்காரரு எப்பவாச்சும் ரெண்டே ரெண்டு சத்து மாத்திரை வாங்கியாந்து குடுத்தாருங்களா?" சிலர் சிரித்தார்கள். சிலர் வைதார்கள். சிலர் சிரித்துவிட்டு நாலடி நடந்து, அப்படியே நின்றார்களாம். ஹசீனா மேடம்தான் போனில் சொன்னார்.

"நேத்து மட்டும் நாப்பத்தாறு பேருங்க. எல்லாரும் பொம்பளைங்க. உக்கார எடமில்லாம மாடிப்படி வரைக்கும் நிக்கறாங்க. மரத்துல அம்பெல்லாம் திரும்பிட்டே இருக்கு. அந்த ஒரு மருந்துக்கு மசியாத கிருமி, எத்தனை வீட்டுல தெரியுங்களா? வரைபடத்துல கோடு எகிறிருச்சு. விளக்கம் கேட்டு மேல இருந்து ஓலை வந்திருக்கு."

"என்ன எழுதப் போறீங்க மேடம்?"

"நோய் கூடல, இப்பத்தான் கண்ணுல படுதுன்னு எழுதப் போறேன். நம்புவாங்களான்னு தெரியல."

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக அந்தக் கோடு நிஜத்தைச் சொல்கிறது என்று பிரபாவதியிடம் சொன்னேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். செய்தித்தாளிலும் வந்திருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். எங்கள் மையத்தின் காகிதம். மேலே ஒரு எண். வழக்கம்போலப் பெயர் இல்லை. அந்த மாடிப்படி வரிசையில் அவளும் நின்றிருக்கிறாள்.

"நீ எதுக்கு அங்க?"

"கல்யாணமான மூணாவது வருஷம், நீங்களும் எனக்கு ரெண்டு மாத்திரை கொண்டுவந்து குடுத்தீங்க. கவர் இல்லாம, தாள்ல மடிச்சு. சத்து மாத்திரைன்னு சொன்னீங்க."

நினைவு வந்தது. அப்போது அவளுக்கு இரத்தச்சோகை. அரசு மருந்தகத்தில் மாத்திரையை அப்படித்தான் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். அன்று இருப்பில் இருந்த இரண்டே இரண்டு இரும்புச்சத்து மாத்திரைகள். நான் எந்தத் தப்பும் செய்தவனில்லை. பதற்றத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ கணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

காகிதத்தைப் பிரித்தேன். நோய் இல்லை என்று இருந்தது.

"பாத்தியா?" என்றேன். "அது நிஜமாவே சத்து மாத்திரைதான்."

பிரபாவதி என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"ரெண்டையும் நானே முழுங்குனேன். அது சாம்பல் கவர் மாத்திரையா இருந்திருந்தாலும், இதேதானே வந்திருக்கும்?"

கேட்டுவிட்டு, அடுப்பில் பொங்கிய பாலை இறக்கப் போனாள்.